தோல் சீவிய சீஸ்

மகன் லண்டனிலிருந்து லீவில் வந்திருக்கிறான். கொண்டுவந்த சீஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். ஈரச் சாக்ஸ் வாடை. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் துபாய் ஹோட்டலில் நான் வேலை பார்த்த கோல்டு கிச்சன், குளிர்ப் பதார்த்தம் செய்யும் அறை, கண் முன்னால் வந்து நின்றது.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: ஷாஜி, கொல்லத்துக்காரன், சாலட் மேசையில். செஃப், ஐரோப்பாவில் எந்த நாடோ நான் கேட்டதில்லை, எல்லா மேசையிலும். செல்வம், குளச்சல்காரன், பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து அன்றுதான் மேலே வந்தவன். அப்புறம் நான், மீன் மேசையில்.

கோல்டு கிச்சனில் அடுப்பு கிடையாது. சூடெல்லாம் செஃப்தான். கரண்டியால் அடிப்பார், ட்ரேயால் அடிப்பார். விசா ஹோட்டல்காரர்கள் கையில். வாங்கிக்கொள்வோம்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அயர்லாந்துக் கம்பெனி ஒன்றுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து. அவர்கள் ஊர்ப் பண்ணைச் சீஸ் விமானத்தில் வந்திருந்தது. கல் மாதிரி ஒன்று, நீல நரம்பு ஓடியது ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுவென்று இரண்டு. மரப்பலகையில் அடுக்கும் வேலை செல்வத்துக்கு. பலகை நன்றாக வந்தால் நாளை முதல் சமையல்காரன் கோட்டு.

"கோட்டு போட்டு ஒரு போட்டோ எடுத்து அம்மைக்கு அனுப்பணும்ணே." காலையில் பஸ்ஸிலேயே சொன்னான்.

நான் சால்மனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஆரஞ்சு இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"நாறிச்சுண்ணே. கெட்டுப் போயிருந்து. ஒருத்தனும் பாக்கல. நாந்தான் தோலைச் சீவிட்டேன்." முகமெல்லாம் சிரிப்பு.

ஷாஜி எட்டிப் பார்த்தான். "எடா, கிறிஸ்துமஸுக்கு மொட்டையா அடிச்சே?"

மூவரும் சிரித்தோம். அந்த வாடைத் தோலை வளர்க்கத்தான் வாரக்கணக்கில் உப்புத்தண்ணீரால் துடைக்கிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

செஃப் வந்தார். பார்த்தார். செல்வத்தின் பிடரியைப் பிடித்து முகத்தை மேசையில் அறைந்தார்.

"ஸாரி செஃப்."

மறுபடியும் அறைந்தார். மூக்கு உடைந்தது. அடுத்த தடவை கை ஓங்கியபோது செல்வம் அவர் கழுத்தைப் பிடித்தான். செஃப் ஆள் பெரியவர். அவனைக் குளிர் அறைக்குள் தள்ளினார். செல்வம் கதவு நிலையைப் பற்றிக்கொண்டான்.

"செஃப், வேண்டாம் செஃப், கை!" ஷாஜி கத்தினான்.

செஃப் கதவை உதைத்தார். கனமான இரும்புக் கதவு. சத்தம் சின்னதுதான், கேரட் ஒடிவது போல. அப்புறம் செல்வம் போட்ட சத்தம்.

நான் அடித்தேன். கையில் இருந்தது பாதி உறைந்த சால்மன். வாழ்நாளில் ஒரு மனிதனை அடித்தது அந்த ஒரு தடவை, அதுவும் மீனால். செஃபின் பல் தரையில் உருண்டது.

போன் அடித்தது. மேலே விருந்து ஹாலிலிருந்து. "யல்லா, சீக்கிரம், சீஸ் எங்கே?"

ஷாஜி பலகை ஓரத்து ரத்தத்தைத் துடைத்தான். மொட்டைச் சீஸ் மேல் திராட்சையைக் குவித்தான். அனுப்பினான். பலகை காலியாகத் திரும்பி வந்தது. தோல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

செல்வத்துக்கும் எனக்கும் விசா கேன்சல். செஃப் வேறு ஹோட்டலுக்குப் போனார். நாங்கள் வேலை பார்த்த ஹோட்டலை இடித்துவிட்டார்கள். ஷாஜி எங்கே என்று தெரியாது. செல்வம் ஊரில் டீக்கடை வைத்திருக்கிறான்.

வலது கையில் விரல் மூன்று.