வைஸில் இறுகிய தேங்காயும் நீள சீட் காரும்

பீலெஃபெல்டில் பழைய அமெரிக்கக் கார்களைத் திருத்தும் கராஜில் சேர்ந்த புதிதில், முதலாளி ஊவெக்கு நான் ஒரு வழக்கத்தைப் பழக்கிவிட்டேன். என்ஜினைப் பிரித்துப் பூட்டிய காரை முதல் தரம் வெளியே எடுக்கும்போது சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம், முன்னால் ஒரு தேங்காய். இப்போது என்னைவிட அவருக்குத்தான் பக்தி அதிகம். தேங்காய் வராவிட்டால் சாவியைத் தரமாட்டார்.

இங்கே ஜெர்மன் மொழியில் பேசியவர்களின் பேச்சையும் என் வாயில் வருகிற தமிழிலேயே தருகிறேன்.

1. யாரும் கேட்டிராத கார்

யூட்டா என்ற வாடிக்கையாளர் கொண்டுவந்தது எழுபதாம் ஆண்டுக் கார். கண்ணைப் பறிக்கும் பச்சை. ஏழு லீட்டர் வி-எட்டு என்ஜின், நாலு கியர். ஆனால் முன்னால் தனித்தனி ஸ்போர்ட்ஸ் சீட் இல்லை, பஸ்ஸில் இருப்பதுபோல ஒரே நீள சீட். ரேடியோவும் கிடையாது. அந்தக் காலத்தில் வாங்குபவர் கேட்டபடி தொழிற்சாலையில் பூட்டிக் கொடுப்பார்கள். பந்தய என்ஜினோடு குடும்ப சீட்டை யார் கேட்டிருப்பார்?

கார் அசல்தானா என்று பார்க்க வந்த மதிப்பீட்டாளரும் அதையேதான் சொன்னார். "என்ஜின் நம்பர் சரி. சீட் பிறகு ஆரோ மாத்தினது. இப்பிடி ஒருத்தரும் ஓடர் குடுத்திருக்க மாட்டினம்." முடிவைச் சொல்ல வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவதாக டெர்மின் குறித்தார்.

யூட்டாவின் முகம் வாடிவிட்டது. "ஒட்டுப்போட்ட காரெண்டால் வித்துப்போடுவன். பாக்கிற நேரமெல்லாம் அந்த நினைப்புத்தான் வரும்" என்றார். போகும்போது திரும்பி வந்து, "கம்பளத்தை மட்டும் தொடாதேங்கோ. தொழிற்சாலையிலை ஒட்டினபடி இருக்கு" என்றார்.

2. முதலாளியின் முறை

வெள்ளி காலை என்ஜின் தயார். யூட்டாவும் வந்துவிட்டார். எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டுத் தேங்காயை எடுக்கத் திரும்பினால், அது ஊவெயின் கையில்.

"சிவம், போன முறை நீர் அதை நிலத்திலை அடிச்சுச் சிதறிப்போச்சு. இண்டைக்கு நான் நேர்த்தியா உடைக்கிறன்" என்றார். நேர்த்தி என்றால் எப்படி? இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் தேங்காயை வைத்துக் கைபிடியைச் சுற்றத் தொடங்கினார். வைஸ் இருந்தது காரின் திறந்த கதவுக்குப் பக்கத்தில்.

"ஊவெ, வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தேங்காய் வெடித்தது. பாதி என் காலடியில் விழுந்தது. மற்றப் பாதியும் தண்ணீரும் நேரே காருக்குள் போயின.

கூட வேலை செய்யும் அன்ரன் மன்னார் ஆள், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். தேங்காயில் நம்பிக்கை இல்லை, வேடிக்கையில் நிறைய உண்டு. "சிவம் அண்ணை, உங்கட பிள்ளையார் முன்சீட்டிலை ஏறிட்டார்" என்றான். யூட்டா சிரிக்கவில்லை. தொடக்கூடாத கம்பளம் ஊறிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. சீட்டைக் கழற்றி, கம்பளத்தை மெல்ல உரித்தெடுத்தோம். அந்த நேரம் பார்த்து மதிப்பீட்டாளர் உள்ளே வந்தார். வெறும் தரையைப் பார்த்தார். பிறகு முழங்காலில் நின்று டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"தனிச் சீட்டெண்டால் நடுவிலை ரெண்டு தாங்கி வெல்ட் பண்ணியிருப்பினம். இதிலை இல்லை. வெட்டி எடுத்த அடையாளமும் இல்லை, பெயின்ற் அப்பிடியே இருக்கு." எழும்பி யூட்டாவைப் பார்த்தார். "நான் சொன்னது பிழை. இது பிறந்ததே இப்பிடித்தான்."

யூட்டா தேங்காய்த் தண்ணீர் பிசுபிசுத்த கையோடு ஊவெயைக் கட்டிப்பிடித்தார். ஊவெ, எல்லாம் தன் திட்டம்போல நிமிர்ந்து நின்றார்.

சீட்டைத் திரும்பப் பூட்டினோம். யூட்டா ஓட்ட, ஊவெ நடுவில், நான் கதவோரம். எலுமிச்சம்பழங்கள் நசுங்க வெளியே வந்தோம். முதல் இடது வளைவில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. பிடிக்க ஒன்றுமில்லாத சீட்டில் ஊவெ முழுப் பாரத்தோடு என்மேல் வழுக்கி வந்தார். அடுத்த வலது வளைவில் இருவரும் யூட்டாவின் பக்கம் போனோம். மூன்று பேருக்கும் சிரிப்பில் பேச்சு வரவில்லை. இத்தனை வருட வேலையில் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

இளம் மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு காரைப் பார்த்து 'இப்படி யார் கேட்டிருப்பார்' என்று சொல்லுமுன், அதில் ஏறி ஒரு வளைவு திரும்பிப் பாருங்கள். யாரோ ஒருவர், தனக்குப் பிடித்தவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு மிக வேகமாகப் போக ஆசைப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான்.