நீந்தத் தெரியாத மனுசன்

சனிக்கிழமை மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவும் வார்ட்டிலையிருந்து போன் வரவும் சரியா இருந்துது. எனக்கு வேலை ஆஸ்பத்திரி லபோரிலை, அதுதான் பரிசோதனைக்கூடத்திலை, நுணுக்குக்காட்டிக்கு முன்னாலை. மேலை ஒரு தமிழ் அண்ணை கிடக்கிறார். ஊருக்குப் போய் வந்து ஐஞ்சாம் நாள் தலையிடி, காய்ச்சல், இப்ப நினைவுமில்லை. அவற்றை முதுகுத்தண்டிலை எடுத்த நீரைக் காலமைதான் பார்த்தனான். மூளைக்காய்ச்சல் எண்டது தெளிவு, ஆனா ஒரு பக்டீரியாவும் இல்லை. என்னத்தாலை வந்ததெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அவற்றை மனிசிக்குப் பதட்டத்திலை டொச் பாசை வருகுதில்லை, வந்து மொழிபெயர் எண்டு டொக்டர் கூப்பிட்டா.

மேலை போய் டொக்டரின்ரை தாளைப் பார்த்தா, ஆத்திலை குளத்திலை நீந்தினவரோ எண்ட கேள்விக்கு மனிசி "இல்லை" எண்டு சொல்லியிருந்தா.

"என்ன தங்கச்சி, ஊருக்குப் போய்க் குளத்துப் பக்கமே போகேல்லையோ?"

"ஐயோ அக்கா, அவருக்கு நீந்தவே தெரியாது. கரையோடை நிண்டு முங்கிக் குளிக்கிறதுதான். வெக்கையெண்டு ஒவ்வொரு நாளும் போனவர். மூக்குக்குள்ளை தண்ணி போய்த் தும்மித் தும்மி வருவார்."

கேட்டவையிலையும் பிழையில்லை, சொன்னவவிலையும் பிழையில்லை! இஞ்சத்தைச் சனம் குளத்துக்குள்ளை இறங்கினா நீந்தும், நாங்கள் குளிப்பம். டொக்டருக்கு இரண்டு வசனம் கத்திப்போட்டுப் படியாலை கீழை லபோருக்கு ஓடினன். லிஃப்டுக்கு ஆர் காத்து நிக்கிறது!

மிச்ச நீர் ஐஞ்சாறு துளி மேசையிலையே இருந்துது. நல்லகாலம், குளிர்ப்பெட்டிக்குள்ளை வைக்கேல்லை. குளிர் பட்டா நான் தேடுறது சுருண்டு கிடக்கும், வெள்ளையணு எண்டு நினைச்சு விட்டிடுவம். காலமை நானும் அப்பிடித்தான் விட்டிருக்கிறன், மண்டு. சாயம் போடாமல் ஒரு துளியைக் கண்ணாடியிலை விட்டு, உள்ளங்கையிலை வைச்சுச் சூடாக்கி, கண்ணை வைச்சன். ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை. பிறகு, வெள்ளையணு எண்டு நான் நினைச்சதிலை ஒண்டு விறுவிறெண்டு நகர்ந்துது. விரல் மாதிரி ஒண்டை முன்னுக்கு நீட்டி, முழு உடம்பையும் அதுக்குள்ளை ஊத்தி... அடி சக்கை! புத்தகத்திலை மட்டும் பார்த்த அமீபா! மூக்காலை ஏறி மூளையைத் தின்னிற அதேதான்!

"கண்டிட்டன்!" எண்டு தமிழிலையே கத்தினன். அடுத்த நிமிசம் வெக்கமாப் போச்சு. ஒரு மனுசனைத் தின்னிறதைப் பார்த்தெல்லோ துள்ளுறன்! ஆனாத் துள்ளாமல் இருக்க ஏலாமல் கிடந்துது, அதுதான் உண்மை.

இதிலை தப்பினவை மிகக் குறைவு. மருந்து வேறை நகரத்திலையிருந்து அண்டைக்குப் பின்னேரமே காரிலை வந்துது. பிறகு காத்திருக்கிறதுதான் வேலை. ஒவ்வொரு நாளும் நான் போன் எடுப்பன், "அப்பிடியேதான் அக்கா" எண்டு மனிசி வைச்சிடுவா.

பன்னிரண்டாம் நாள் அவவே எடுத்தா. ஒரே விக்கல், அழுகை. சொல்லு தங்கச்சி எண்டன்.

"அவர் என்னை ஏசிப்போட்டார், அக்கா!" எண்டா. "கண் முழிச்ச கையோடை, பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் இஞ்சை என்ன செய்யிறாய் எண்டு ஏச்சு. இன்னும் ஏசிக்கொண்டு கிடக்கிறார், கேளுங்கோ, கேளுங்கோ!"