மாடி வீடும் பின்னறையும்

ஓசூரில் பழைய வண்டிப்பேட்டையை எடுத்துவிட்டு அந்தக் கட்டடத்தை எழுப்பியபோது, நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். கீழே வரிசையாகக் கடைகள், மேலே குடித்தனங்கள். அப்படியெல்லாம் பெங்களூரில்தான் உண்டு. தினமும் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று மேஸ்திரியைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைப்பு.

பேட்டையோரம் இருந்த அப்பாவின் மாட்டுக்கயிறு கடையும், அதோடு ஒட்டிய எங்கள் வீடும் அந்த இடிப்பில் போயின. மாற்று இடம் கொடுத்தார்கள். கடையும் அதன் பின்னால் ஓர் அறையும் வேண்டுமா, கடையும் மாடியில் ஒரு வீடும் வேண்டுமா என்று கட்டியவர் கேட்டார்.

அப்பாவுக்கு இளைப்பு. பின்னறை போதும் என்றார்.

"வெளிச்சமே இருக்காதுப்பா. மாடின்னா நல்லாக் காத்து வரும். உங்க இளைப்புக்கு அதான் நல்லது" என்றேன்.

"படி ஏறணுமே கண்ணு?"

"பழகிப்போயிடும்பா."

"படிச்ச புள்ள சொல்லுது, கேளுங்களேன்" என்றாள் அம்மா.

என் சிநேகிதிகளில் மாடி வீட்டுக்காரி ஒருத்தியும் இல்லை. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

மாடியில் காற்று வந்தது உண்மைதான். ஆனால் படி ஏறி வந்ததும் அப்பா கால்மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவரச் சொன்னார். மழைக்காலம் வந்தது, இறங்குவதே நின்றது. கடையில் நான் உட்கார்ந்தேன்.

அஞ்செட்டிப் பக்கத்து ஆட்கள் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "யஜமானரு எல்லி?" என்று முதலாளியைத் தேடுவார்கள். மேலே கையைக் காட்டுவேன். தெருவுக்கு இறங்கி நின்று கூப்பிடுவார்கள். அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று பதில் சொல்வார். நாலு வார்த்தைக்குள் இருமல் வந்துவிடும்.

அதற்கும் என்னிடம் ஒரு யோசனை இருந்தது. ஒரு சந்தை நாளில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எங்கள் கடைக் கயிற்றாலேயே கட்டி, நாலு பேர் தூக்கி இறக்கினார்கள்.

"சாமி வருது, வழி விடுங்கய்யா!" என்று பக்கத்து மாவுக்கடைக்காரர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்று பொழுது சாயும் வரை அவருக்கு இருமலே இல்லை.

அடுத்த சந்தைக்கு நாற்காலியை எடுத்தபோது வேண்டாம் என்றார்.

"ஏம்ப்பா?"

"வாங்க வர்றவன் கயிறப் பாக்கல கண்ணு. என்னையத்தான் பாக்கறான்."

பின்னறைக்கே போய்விடலாமா என்று அப்போது கேட்டிருக்கலாம். அது மாவுக்கடைக்காரரிடம் போய், சாக்கு அடுக்கும் இடமாகியிருந்தது. கேட்டால் கொடுத்திருப்பார். கேட்டால் நான் சொன்னது தப்பென்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தை பிறப்பதற்குள் அப்பா போய்விட்டார். அன்றும் சந்தை நாள். மாதா கோவிலிலிருந்து சவப்பெட்டி வந்தது. படி திரும்புகிற இடத்தில் அது திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். சுவரில் காரைதான் பெயர்ந்தது. கட்டடத்தில் நான் பார்க்காதது எதுவும் இல்லை என்று இருந்தவள், அந்தத் திருப்பத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அதே நாற்காலியில், அதே கயிற்றால் கட்டித்தான் இறக்கினார்கள். மாவுக்கடைக்காரர் முன்னால் ஓடி, சாக்குகளை வெளியே தள்ளி, பின்னறையைக் கூட்டிவைத்தார். அங்கே பெட்டியில் கிடத்தினோம்.

சாமியார் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்கதவு திறந்திருந்தது. மெழுகுவத்தியை ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டே இருந்தது. அவ்வளவு காற்று.