பதுவையில் நூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

மகள் வெனிஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கித் தந்தாள். மூன்று இரவு, நான்கு பகல். "நீங்களும் அம்மாவும் ஒருக்காலும் ஒரு இடமும் போனதில்லை அப்பா. ரொமான்டிக்கா இருக்கும்" என்றாள். மொன்றியலில் நாங்கள் இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து பஸ் பிடித்துக் கடைத்தெருவுக்குப் போவதற்கே இரண்டு நாள் யோசிக்கும் என் மனைவி, உடனே ஓம் என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் விஷயம் வெளித்தது. சமையலறை மேசை நிறைய, பயற்றம் மாவும் சர்க்கரையும் பிசைந்து பொரித்த பயத்தம் பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது. எண்ணினேன். நூற்று நாற்பது.

"ஏனப்பா, வெனிஸிலை சாப்பாடு இல்லையாமோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"இது எங்களுக்கில்லை. அங்கையிருந்து பதுவைக்கு ரெயினிலை அரை மணித்தியாலம்தான். போனிலை மப் பார்த்திட்டன்."

பதுவை, புனித அந்தோனியாரின் ஊர். இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்தபோது, நான் உயிரோடு வெளியே வந்தால் அவருடைய கோயில் வாசலில் நூறு பேருக்குத் தன் கையால் உணவு கொடுப்பதாக இவள் நேர்ந்திருக்கிறாள். மருத்துவர் இரண்டாம் தடவை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரவே, மேலும் பதின்மூன்று பேரைக் கூட்டியிருக்கிறாள். இரண்டு வருடமாக இதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. நேர்த்திக்கடனை நிறைவேற்றாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் பணியாரங்களைப் பிஸ்கற் தகரங்களில் அடுக்கினாள். அன்றிரவு முழுவதும் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெனிஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் ஏறவும் படி, இறங்கவும் படி. அறுபத்தெட்டுப் பாலங்கள் கடந்தோம். அதில் ஒன்றை இரண்டு தடவை எண்ணிவிட்டேனோ என்ற கவலை இன்னும் இருக்கிறது. ஹோட்டலில் துப்புரவு செய்பவர்கள் தின்றுவிடுவார்கள் என்ற பயத்தில், தகரங்கள் இருந்த பையை இவள் போகுமிடமெல்லாம் சுமந்தாள். படகில் ஏற மறுத்துவிட்டாள். கவிழ்ந்தால் பணியாரம் ஊறிப்போகுமாம். நான் ஊறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பதுவைக்குப் போனோம். கோயில் வாசலுக்கு எதிரே, மாதாவின் நீலத்தில் ஒரு சேலையும் அதன் மேல் மொன்றியலின் பனிக்கால மேலங்கியுமாக, தகரத்தைத் திறந்து பிடித்தபடி நின்றாள். ஒருவரும் வாங்கவில்லை. விற்பதாக நினைத்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் நின்று, இவளைக் கனிவோடு பார்த்து, தகரத்துக்குள் ஒரு நாணயத்தைப் போட்டாள்.

"இஞ்சாருங்கோ! நான் பிச்சைக்காரி மாதிரியோ இருக்கிறன்?"

"அந்த மேலங்கியை எப்பவோ மாத்தச் சொன்னனான்."

பத்தரை மணி வரை ஒருவரும் இல்லை. பூச்சியம். மூன்று மணிக்குள் திரும்பி வெனிஸ் ரெயில் பிடிக்க வேண்டும். மறுநாள் விடியவே விமானம். இவள் பணியாரங்களை மறுபடி எண்ணத் தொடங்கினாள். எனக்கு நெஞ்சின் இடதுபக்கம் ஏதோ செய்வதுபோல் இருந்தது.

அப்போதுதான் யோசனை வந்தது. இரண்டு நாளாகப் பார்த்தேன், உல்லாசப் பயணிகள் வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்காமல் பின்னால் போய் நிற்கிறார்கள். நான் இவளுக்கு முன்னால் போய்ப் பக்தியோடு கையை நீட்டினேன். வாங்கினேன், சிலுவை போட்டேன், தின்றேன், சுற்றி வந்து மறுபடி நின்றேன். மூன்றாவது சுற்றில் என் பின்னால் ஒரு வயோதிபத் தம்பதி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கொடி பிடித்த வழிகாட்டியோடு ஒரு கூட்டம்.

"நான் மூண்டு தரம். பின்னாலை நிக்கிறவை ரெண்டு பேர். அஞ்சு" என்றேன்.

"நீங்கள் கணக்கில்லை. நேர்த்தியே உங்களுக்குத்தான். விலகுங்கோ, வாற சனத்தை மறைக்காமல்."

வரிசை சதுக்கத்தின் பாதி வரை வளர்ந்தது. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். முப்பத்தேழாவது ஆள் கையை நீட்டாமல், பூசையில் குருவிடம் நற்கருணை அப்பம் வாங்குவதுபோலக் கண்ணை மூடி வாயைத் திறந்தார். இவள் திகைத்து என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா செய்ய?"

"வாயிலை வையும்!"

வைத்தாள். "அந்தோனியாரே" என்று முணுமுணுத்தாள். அவர் "ஆமென்" என்றார். பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்து, அவர்களும் வாயைத் திறந்தார்கள். அந்தப் பணியாரத்தை ஒரே வாயில் மென்று விழுங்குவது லேசில்லை. புனிதமான முகத்தோடு இருபது முப்பது பேர் கன்னம் உப்பியபடி கோயிலுக்குள் நடந்தார்கள்.

மண்ணிற அங்கியணிந்த துறவி ஒருவர் வேகமாக வந்தார். இனி விஷயம் பாப்பரசர் வரை போகும் என்று பயந்தேன். இவள், மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாடு கட்டும் வேலையில் படித்த பிரெஞ்சில், கணவன், இதயம், நேர்த்தி என்று விளக்கினாள். துறவி என் நெஞ்சைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்று எடுத்துத் தின்றார். இன்னொன்றும் எடுத்தார்.

"அவரை ரெண்டெண்டு எண்ணாதேங்கோ" என்றாள்.

நூறு தாண்டியபோது இவளுடைய கை மெதுவாகியது. நூற்றுப் பன்னிரண்டாவது ஆள் வாங்கும்போது மழை கொட்டியது. வரிசை முழுவதும் கோயிலுக்குள் ஓடியது. ஒரே ஒருவன் மட்டும் குடை பிடித்தபடி சதுக்கத்தைக் கடந்து எங்களை நோக்கி வந்தான். இவள் தகரத்தை மூடினாள்.

"ஏன் மூடிறீர்? இன்னும் ஒராள்தான்! அங்கை வாறான்!"

"வரட்டும்."

"பணியாரம் கிடக்குதல்லோ! குடும் அவனுக்கு!"

"காலையிலை முடிக்கத்தான் நினைச்சு வந்தனான். நூறு தாண்டத்தான் பயம் பிடிச்சுது. முடிச்சிட்டால் பேந்து அந்தோனியாருக்கு உங்களிலை என்ன அலுவல்? ஒராள் பாக்கியெண்டால், அதை வாங்கும் வரைக்கும் உங்களைப் பார்த்துக்கொள்ளுவார்."

குடைக்காரன் வந்து நின்று மூடிய தகரத்தைப் பார்த்தான். தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாழ்நாளில் எந்தக் கணக்கையும் ஒன்று குறைய விட்டவன் அல்லன் நான்.

மொன்றியலில் இதய மருத்துவர் என்னைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். வெனிஸ் எப்படி என்று மகள் கேட்டாள். "தண்ணி கூடிப்போச்சு" என்றாள் இவள்.

இப்போது பெரும்பாலும் சமாதானமாகத்தான் இருக்கிறோம். நான் எதையாவது பிழை பிடித்து இவளுக்குக் கோபமேற்றும் நாட்களில் மட்டும், பதுவைக்கு ஓராள் ஒரே ஒரு பணியாரத்தோடு போய்வர இப்போது டிக்கெட் என்ன விலை என்று எனக்குக் கேட்கும்படியாக மகளிடம் விசாரிக்கிறாள்.