காஞ்சிபுரத்தில் பைக்குக்குச் சரிவு, ஆளுக்குப் படி

மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க, போன தை மாதம் ஒரு புதன்கிழமை காஞ்சிபுரம் போனோம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதால், என் மனைவி ஜெயா அதற்கு எட்டு மாதம் முன்பிலிருந்தே சக்கர நாற்காலியில் இருக்கிறாள். புடவையைத் தானே பார்த்து எடுக்க வேண்டும் என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை.

வந்தவாசியிலிருந்து 42 கிலோமீட்டர். காலை ஏழரைக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்குச் சேர்ந்தோம். கார் நிறுத்த ஐம்பது ரூபாய்.

முதலில் கோயில். பெயர் போடப்போவதில்லை; ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்தளம் இருந்தது, சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகையும் இருந்தது. சாய்தளத்தின்மேல் பதினோரு பைக்குகளும் இருந்தன. நம்ப முடியாமல் இரண்டு முறை எண்ணினேன்.

“கடக்காரங்க வண்டி சார். நெழலு இருக்குதே,” என்றார் காவலாளி. “நாலு பேரக் கூப்புடுறேன், அம்மாவ அப்படியே தூக்கிக்கினு போயிடலாம்.”

“நான் என்ன அண்டாவா?” என்றாள் ஜெயா. எங்களுக்குப் பாத்திர வியாபாரம். வெளியிலேயே கும்பிட்டுத் திரும்பினோம். பணத்தை நீட்டினால் எதுவும் நடக்கும் என்று நம்பி முன்னுக்கு வந்தவன் நான். அன்று இருநூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அடுத்து ஒரு பெரிய பட்டுக்கடை. ஏசி, இலவசக் காபி, வாசலில் ஒன்பது படி. லிஃப்ட் உண்டாம், படி ஏறிய பிறகு. “நீங்க கார்லயே இருங்கம்மா, பொடவைங்கள இங்கயே எடுத்தாந்து காட்டுறோம்,” என்றார் விற்பனையாளர். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெயா கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

டீக்கடைக்காரர் கைகாட்டிய நெசவாளர் வீடு அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். வாசலில் இரண்டு படி, அவற்றின் பாதியை மூடி ஒரு சிமெண்ட் சரிவு. இரவில் பைக்கை உள்ளே ஏற்ற அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று இருக்கிறது. இது நல்ல அகலம். ஜெயா தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். கடைசி முழத்துக்கு மட்டும் நான் கைகொடுத்தேன்.

“வண்டி வாங்குனப்ப போட்டதுமா,” என்று சிரித்தார் நெசவாளர். “ஆளுக்கு வேணும்னு நாங்க எங்க நெனச்சோம்?”

ஒரு மணி நேரம் மடியில் விரித்து, முந்தானையைப் புரட்டி, ஆறு புடவைகளைத் தள்ளிவிட்டு, அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். இருபத்தேழாயிரம். அதில் ஆயிரம் குறைத்தவளும் அவள்தான்.

திரும்பும் வழியில் அந்தக் கடையைத் திட்டிக்கொண்டே வந்தேன். “ஒன்பது படி கட்டினவனுக்கு வியாபாரமே தெரியல.”

“நம்ம கடையில மூணு,” என்றாள் ஜெயா. “நீங்க கிரானைட் போட்டது. நான் எட்டு மாசமா ஏன் வரலன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

பதினாறு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவள். மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டி, அவள் இடத்தில் வேறு ஆள் போட்டிருந்தேன்.

போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்யுங்கள். சாய்தளம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்; எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம், சரிவின்மேல் இப்போது என்ன நிற்கிறது என்று கேளுங்கள்.

ஊருக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி சரிவு என்றார். முன்பக்க ஷோகேஸை எடுத்து இடம் விட்டேன். சிமெண்ட் காய்ந்து முதல் நாள், பத்து மணிக்கு ஜெயா ஆட்டோவில் வந்து இறங்கினாள். சரிவின் நடுவில் ஒரு பைக் நின்றது.

“யாருதுங்க இது?” என்றாள், தெரிந்துகொண்டே.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.