இரத்தோட்டை மலையில் ஒரு மைனாவைத் தேடி

இந்தத் தை மாதம் நான் பறவை பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். கொழும்பில் ஒரு நோனா வீட்டில், அதாவது எசமானியம்மா வீட்டில், சமைக்கிற எனக்குப் பறவை என்றால் சட்டியில் வேகிற கோழிதான். நோனாவின் பழைய பைனாகுலரில் ஒரு பக்கம் மங்கிப்போயிருந்தது. வீசப் போனவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பொங்கலுக்கு லீவு கிடைத்ததும் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். ஒப்பந்தப்படி திருப்பி அனுப்புகிறார்கள் என்று தங்கை ராசம்மா குடும்பம் மாசியில் கப்பலேறி இந்தியாவுக்கே போய்விடுகிறது. இனி அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கென்று யாரும் இல்லை.

கோட்டையில் காலை ரயில் ஏறி, கண்டியில் மாறினால் மத்தியானம் மாத்தளை. அங்கிருந்து இரத்தோட்டைக்கு ஏழு மைல், பஸ்ஸில். எனக்கு முன்னால் மிளகு மூட்டைகள் சீட்டுப் பிடித்திருந்தன. கண்டக்டர் ஒரு மல்லி, அதாவது சிங்களத் தம்பி. தமிழில் கேட்டான்: "அக்கே, கழுத்தில என்ன, ரேடியோவா?"

"இல்ல மல்லி, நீ மிச்சக்காசு தராம ஓடினா எந்தப் பக்கம் ஓடுறன்னு பாக்க."

உடனே தந்துவிட்டான்.

டவுனிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு மைல் ஏற்றம், நடைதான். தை மாதம் அங்கே மழையும் பனியும் விடாது. காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள், இரத்தம் குடிக்கிற அட்டை ஏறாது.

லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. தங்கை புருஷன் மருதை மெலிந்துபோய் வாசலில் குந்தியிருந்தார்.

"என்ன மாப்புள, ஒடம்புல பாதிய முன்னாலயே இந்தியாவுக்கு அனுப்பிட்டீங்களா?"

"உள்ள வாங்க மதினி" என்றார். சிரிக்கவில்லை.

உள்ளே கூண்டு காலியாக இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் செல்வி, மரத்திலிருந்து விழுந்த மைனாக் குஞ்சை எடுத்து வளர்த்தாள். பிள்ளைகளுக்குத் தடவுவது மாதிரி அதன் நாக்கிலும் வசம்பு தடவினாள். அவள் பேசினதையெல்லாம் அது பேசியது. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் செல்வி போய்விட்டாள். மைனா மட்டும் அவள் குரலில் "அம்மா, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கும்போதெல்லாம் ராசம்மா எழுந்துபோய்த் தண்ணீர் வைப்பாள்.

"கப்பல்ல கூண்டு ஏத்த விடமாட்டாங்களாம் மதினி" என்றார் மருதை, மெதுவாக. "போன வாரம் தொறந்து விட்டுட்டேன். அவ மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தா."

ராசம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "கூண்டுல வளந்தது. அதுக்கு எரை தேடத் தெரியுமா? எங்கயாச்சும் செத்துக் கெடக்கும். அது என்னாச்சுன்னு தெரியாம நான் கப்பல் ஏற மாட்டேன். அவர் வேணும்னா போகட்டும்."

மருதை என்னைப் பார்த்தார். "நான் மட்டும் போயி என்ன மதினி செய்ய?"

மறுநாள் விடியலில் தங்கையைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். அடுத்த நாளும் போனோம். கிளிகள், குக்குறுவான், ஒரு தரம் இருவாச்சி. காலையில் ஆறுமணிக்குருவி கத்தியது. பனிக்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வருகிற குருவி அது.

"பாருடி, வருஷா வருஷம் போயிட்டு வருது. ஒரு ஆபீசராவது பிடிச்சுக் கேள்வி கேட்டிருக்கானா?"

அவள் சிரிக்கவில்லை. கறுப்பாக எது பறந்தாலும் என் கையை நெரித்தாள்.

மூன்றாம் நாள் மழை சற்று விட்டது. காட்டோரத்து அத்தி மரத்தில் ஒரு மைனாக் கூட்டம். கறுப்பு உடம்பு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல். செல்வியின் மைனாவின் கால்விரல் ஒன்றைப் பூனை கடித்து எடுத்திருந்தது. பைனாகுலரின் நல்ல பக்கத்தால் ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் விரல்கள் சரியாக இருந்தன.

"அந்தா பாருடி, நடுக் கொப்புல! ஒரு விரல் இல்ல, பாரு" என்று துணிந்து பொய் சொல்லி, பைனாகுலரைக் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "செல்வி மைனா!" என்று கூப்பிட்டாள். ஒன்றும் திரும்பவில்லை.

"இதுக்கு விரல் எல்லாம் இருக்கு, அக்கா."

நான் குனிந்து காலில் அட்டை தேடினேன். 

அவள் பைனாகுலரை இறக்கவில்லை. "எப்புடித் திங்குது பாரு. நம்மளுதும் இதுங்களோடதான் சேந்திருக்கும், இல்ல?"

"சேந்திருக்கும்டி."

"எரை எங்க இருக்குன்னு காட்டிக் குடுக்கும்ல?"

"குடுக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கூண்டை எடுத்து மருதை முன்னால் வைத்தாள். "ஒடச்சுக் குடுங்க, தேத்தண்ணி வைக்கணும்." அவர் உடைத்துக் கொடுத்தார். கூண்டுக் குச்சி நன்றாக எரிந்தது. மூன்று பேரும் குடித்தோம்.

போக நினைக்கிறவர்களுக்கு: விடியலிலேயே காட்டோரம் போய்விடுங்கள். இருட்டுமுன் இறங்கி டவுனில் பஸ்ஸைப் பிடியுங்கள். அத்தி மரத்துக்கு வழி சொல்ல லயத்தில் ஆள் இருக்கும்போதே போங்கள்.

புறப்படும்போது, மாசியில் அவர்கள் கப்பலேறும் தலைமன்னாருக்கு வழியனுப்ப வருகிறேன் என்றேன்.

"நீ வராத அக்கா" என்றாள் ராசம்மா. "அன்னைக்கு நான் நல்லா அழுவணும். நீ வந்தா சிரிக்க வச்சிருவ."