மாலையோடு கொடுத்த மனு

சூசைமேரி டீச்சர் மனு எழுதிக் கொடுத்தால் காரியம் நடந்துவிடும் என்று ஒக்கூருக்குக் கிழக்கே நாலு ஊரில் பேச்சு. பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, எதுவானாலும் ஆரம்பப் பள்ளிக்கூட வாசலில் ஆள் நிற்கும். இருபது வருசமாக எழுதிக் கொடுத்தவள், தொண்ணூற்றாறுக்கு அப்புறம் யார் கெஞ்சியும் பேனாவைத் தொடவில்லை.

ஊர்க் கண்மாய்க்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி எண்ணெய்க் கிணறு போட்டு அப்போது மூணு வருசம். அதிலிருந்து கசிந்த தண்ணீரில் அவள் புருசன் மரியப்பனுக்கு இருந்த ரெண்டு வயலில் ஒன்று உப்புப் பூத்துச் செத்தது. மனுசன் அந்த வரப்பில் போய் வெறித்துப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வருவான். அவனுக்கு வேறு என்ன பிழைப்புத் தெரியும்? அந்த நேரத்தில்தான் கண்மாய்க்குள்ளேயே இன்னும் நாலு கிணறு, பூமி பூசைக்கு மந்திரி வருகிறார் என்றார்கள். கண்மாய் போனால் மிச்ச வயலும் போச்சு.

கருப்புக்கொடி காட்டுவோம் என்றார் ஊர்த் தலைக்கட்டான அம்பலகாரர் பெத்தன். டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கு வர்றவுகளை வாங்கன்னு சொல்லாம மூஞ்சில அடிக்கிற பழக்கம் நம்ம பக்கத்துல உண்டாண்ணே? மாலை போட்டு மரியாதையாக் கேப்போம். கேட்டுக்கிருவாக."

அவள் பேச்சை ஊர் தட்டாது. அன்றைக்காவது தட்டித் தொலைத்திருக்கலாம்.

ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். 'புதுக் கிணறு ஒன்றுகூட வேண்டாம். இங்கே மட்டும் இல்லை, எங்கேயும் வேண்டாம். தோண்டுவதெல்லாம் எரிக்கத்தான். எரிக்க எரிக்க பூமி சூடேறி மழை தவறிப்போகும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் மழையை நம்பி இருக்கிற சனம். ஐயா மேலிடத்தில் பேசி இதை நிறுத்தித் தர வேண்டும்.' நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து. முதலில் மரியப்பனின் பெருவிரல் ரேகை.

மந்திரி வந்தார். ஆரத்தி எடுத்து, காரைக்குடியிலிருந்து வாங்கி வந்த ரோசாப்பூ மாலையைப் போட்டார்கள். தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், பொன்னாடை, மேலே சுருட்டி நூல் கட்டிய மனு. மந்திரி கும்பிட்டார், உதவியாளர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார், போட்டோ எடுத்தார்கள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கார் பூசைப் பந்தலுக்குப் போய்விட்டது.

பதினைந்தாம் நாள் தபால் வந்தது. 'கிராமத்தார் அளித்த அன்பான வரவேற்புக்கும், திட்டத்துக்குத் தந்த ஆதரவுக்கும் மாண்புமிகு அமைச்சர் நன்றி தெரிவிக்கிறார்கள்.' பாவிகள் அந்த நூலைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றான் மரியப்பன். அவனுக்கு எழுத்து தெரியாது.

"நன்றின்னு..."

அதற்கு மேல் அவன் சொல்லவிடவில்லை. "பாத்தியா? மந்திரியே நன்றி சொல்றாருன்னா நம்ம பேச்சைக் கேட்டுட்டாருன்னுதானே அர்த்தம்." மூணு வருசமாகப் பார்க்காத சிரிப்பு அவன் முகத்தில். இதை எப்படிக் கெடுப்பது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அன்றைக்கே அவன் விதைநெல்லை ஊறப்போட்டான்.

நாளைக்கு நாளைக்கு என்றே பத்து நாள் ஓடிவிட்டது. நாற்று பச்சை பிடித்து நின்றது. பத்தாம் நாள் காலையில் கண்மாய்க் கரையோரம் மண் வெட்டுகிற மிஷின் வந்து நின்றது.

"மேரி, கிணத்தை மூட வந்துட்டாக," என்று துண்டை வீசிக் கூப்பிட்டான் மரியப்பன். "பாவம், வெயில்ல வந்திருக்காக. குடிக்கத் தண்ணி கொண்டா."

செம்பில் மோந்துகொண்டு போனாள். டிரைவர் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"கரையை உடைக்கச் சொல்லிருக்காகம்மா. இங்குட்டா, அங்குட்டா?"

மரியப்பன் டிரைவரைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான்.

"மேரி, ஒனக்கு முன்னமே தெரியுமா?" என்றான்.